மிலிட்டரிக்காரர் கடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஐப்பசி அடைமழையில், தமது 75ஆம் வயதில், அப்பா வீட்டிலேயே காலமானார். 17 ஆண்டு, ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் ஹவில்தார் வரை. அதன்பின் 38 ஆண்டு, எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி கட்டும் ரீவைண்டிங் கடை. வேலூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது புதிதில்லை. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். இருந்தும் 'மிலிட்டரிக்காரர் கடை' என்றால் சுற்றுவட்டாரத்தில் அது அப்பாவின் கடைதான். போர்டில் இருந்த பெயர் பலருக்குத் தெரியாது.

கடையில் ஒரு நீள நோட்டு உண்டு. வரும் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வரி: தேதி, ஊர், ஹெச்.பி., ஸ்லாட் (கம்பி இறங்கும் பள்ளம்), சுற்று எண்ணிக்கை, கம்பியின் கேஜ் (தடிமன்), பழைய செம்பின் எடை. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'ஏன் எரிந்தது'. அந்தக் கட்டம் காலியாக இருந்தால், பணம் வாங்கியிருந்தாலும் மோட்டாரை வெளியே விடமாட்டார். இந்த மடலையும் அந்த நோட்டு மாதிரியே எழுதுகிறோம்: யார் என்ன செய்தார்கள், அது எதனால் உதவியது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே யார் பெயரும் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில், அன்றிரவு 11.40க்கு நனைந்துகொண்டே வந்த மருத்துவர். மரணத்தை உறுதி செய்ததோடு, இறப்பின் காரணத்தைப் படிவம் 4ஏ-வில் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வீட்டில் நேரும் சாவில் பிறகு அலைய வைப்பது இந்த ஒரு தாள்தான். அது கையில் இருந்ததால் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு மூன்றாம் நாளே முடிந்தது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், அனுமதி என்று நடை கூடும்.

அவரே இரண்டு கேள்வி கேட்டார். கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா? மார்பில் இருக்கும் பேஸ்மேக்கரை என்ன செய்யப் போகிறீர்கள்?

கண்ணுக்கு 6 மணி நேரம்தான் கெடு. 1919க்குப் போன் போன கையோடு, அடுத்த தெரு ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா வந்து ஃபேனை நிறுத்தினார். காற்று பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலைக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தினார். தலை தாழ்ந்திருந்தால் கண்ணை எடுக்கும்போது ரத்தம் கசியும் என்றார். கண் வங்கிக் குழு இரண்டரை மணி நேரத்தில் வந்தது. வேலை 20 நிமிடம். பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, புரை அறுவையும் ஆகியிருந்தது. அந்தக் கண்ணை எடுக்க மாட்டார்கள் என்று வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். இரண்டுமே தடை இல்லை.

பேஸ்மேக்கர் விஷயம் பலருக்கும் தெரியாது. அதற்குள் இருப்பது அடைத்து மூடிய லித்தியம் பேட்டரி. சிதைச் சூட்டில் அது வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் காயம் படலாம். மருத்துவர் இடது காறை எலும்புக்குக் கீழே சின்னதாகக் கீறி, கருவியை வெளியே எடுத்து, கம்பிகளை நறுக்கி, தையல் போட்டார். கால் மணி நேரம் ஆகவில்லை. அதைப் பொருத்திய நாளிலிருந்து வெல்டிங் மிஷின் பக்கமும், காயில் சோதிக்கும் காந்தக் கருவியான குரோலர் பக்கமும் அப்பா போனதில்லை. காந்தப் புலம் கருவியைக் குழப்பும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைத் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து, அதற்கு இப்பாலேயே ஸ்டூல் போட்டுக்கொண்டார். கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

பிரீசர் பாக்ஸ் கொண்டுவந்த தம்பிக்கும் நன்றி. மழையில் வோல்டேஜ் 180க்கு இறங்கியிருந்தது. கம்ப்ரசர் இழுக்காது என்று தெரிந்து ஸ்டெபிலைசரோடு வந்தார். பெட்டியைச் செருகுவதற்கு முன் வீட்டு எர்த்தையும் சோதித்தார். ஈரத் தரை, தகரப் பெட்டி, அதைத் தொட்டுத் தொட்டு அழும் கூட்டம். எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுப்பு மூட்டாத மூன்று நாளும் எதிர்வீட்டிலிருந்தும் பள்ளிவாசல் தெருவிலிருந்தும் சாப்பாடு வந்தது. பாத்திரங்கள் யாருடையவை என்று இன்னும் பிரித்து முடியவில்லை. மூடியில் பெயர் வெட்டாத இரண்டு தூக்குச்சட்டிகள் திண்ணையில் இருக்கின்றன.

முன்னாள் படைவீரர் சங்கத்தாருக்கு இரண்டு நன்றி. ஒன்று கொடிக்காக. தெருப் பிள்ளைகள் ஆசையோடு தேசியக் கொடி வாங்கி வந்துவிட்டார்கள். அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில்தான் உடல்மீது கொடி போர்த்தலாம். ஓய்வுபெற்றவருக்கு வீட்டில் நடக்கும் சடங்கில் போர்த்தக் கூடாது. மரியாதையோடு போர்த்தும்போதும் காவி தலைப்பக்கம் இருக்க வேண்டும், சிதையிலோ குழியிலோ கொடி இறங்கக் கூடாது. இதை ஒரு சுபேதார் அந்தப் பிள்ளைகளின் முகம் வாடாதபடி சொல்லிப் புரியவைத்தார். கொடியை அவர்களையே மடிக்கச் சொல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதற்குப் பதில் பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், 9 ஆண்டு சேவை மெடல் ஆகியவற்றை ஒரு தலையணையில் வரிசை பிசகாமல் குத்தித் தலைமாட்டில் வைத்தார்கள். புறப்படும்போது எண்ணி அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பழைய சாப்பர்கள் நான்கு பேர். எல்லாருக்கும் 70க்கு மேல். மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பட்டாளத்தில் 'தம்பி' என்றுதான் பெயர். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரில், பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி வயலில் டேங்குகளுக்கு வழி திறந்த வேலையைப் பற்றி அப்பா வீட்டில் அதிகம் பேசியதில்லை. அவர்கள் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. பிராடர் என்னும் கூர்க்கம்பியைச் சாய்வாகத்தான் மண்ணில் செருக வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் அழுத்தம் விழும், சாய்த்துக் குத்தினால் அதன் பக்கவாட்டில் போய் முட்டும். முட்டினால் நிறுத்திவிட்டுக் கையால் மண்ணை விலக்க வேண்டும். சுத்தமான பாதையின் இரு ஓரமும் வெள்ளை நாடா. கடையில் சோதனை முடிந்த ஒயரின் முனையில் மட்டும் அப்பா வெள்ளை நாடா சுற்றுவார். எந்த டேப் கிடைக்கிறதோ அதைச் சுற்று என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் வெள்ளைதான் என்று பையன்கள் கேட்டதற்கு, 'பழக்கம்' என்பாராம்.

மயானத் தொழிலாளர்களின் வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மூன்று நாள் விடாத மழை, விறகுக் கடையில் எல்லாம் ஈரம். கொட்டகைக்குள் தனியே போட்டு வைத்திருந்த காய்ந்த வேலிக்காத்தான் கட்டையை அவர்கள் அடியில் அடுக்கினார்கள். ஈரமான புளியங்கட்டையை மேலே போட்டார்கள். மொத்தம் 350 கிலோ போல, வறட்டி 200. அதன்மேல் வைக்கோல் பரப்பி, களிமண்ணைக் குழைத்துப் பூசி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் காற்றுக்கு வழி விட்டார்கள். மண்பூச்சு சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், மழையையும் தடுக்கும். காற்று வழியை மறந்தால் உள்ளே புகைந்து அணைந்துவிடும். நாலு மணிக்கு மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பாதி எரிந்து நிற்குமோ என்று கரையில் நின்றவர்களுக்கெல்லாம் பயம். காலையில் போனபோது சாம்பல் மட்டும் இருந்தது. பேசிய கூலிக்கு மேல் கொடுத்ததை அவர்கள் வாங்கவில்லை. அவர்கள் ஊர்க் குடிதண்ணீர் மோட்டாரை அப்பா சரிசெய்த கணக்கு ஒன்று இருக்கிறதாம். நோட்டில் தேடிப் பார்த்தோம், அப்படி ஒரு வரி இல்லை.

இனிக் கடை. இங்கே கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

அப்பா போன அன்று கடையில் 14 மோட்டார்கள் பிரித்த நிலையில் கிடந்தன. நாற்று விட்டிருந்த நேரம். மழை பெய்தாலும் ஏரிப் பாசனம் இல்லாத மேட்டுக்காட்டில் போர்வெல் மோட்டார் ஓடித்தான் ஆக வேண்டும். மூன்றாம் நாள் காலையில், கடையில் தொழில் கற்று இப்போது ஆற்காடு, குடியாத்தம், ஆரணிப் பக்கம் சொந்தக் கடை வைத்திருக்கும் ஐந்து பேர், சொல்லிவைத்தாற்போல் வந்து ஷட்டரைத் திறந்தார்கள். தங்கள் கடைகளைப் பூட்டிவிட்டு எட்டு நாள் இங்கே வேலை செய்தார்கள். கூலி வாங்கவில்லை.

முதலில் நோட்டை எடுத்து, மோட்டாரில் கம்பி கட்டும் வெளிக்கூடான ஸ்டேட்டர் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார்கள். பிரித்த மோட்டாரில் எழுதிவைத்த விவரம்தான் உயிர். சுற்று எண்ணிக்கை தொலைந்தால் அடுத்தவன் ஊகத்தில்தான் கட்டுவான். சுற்று குறைந்தால் ஆம்பியர் ஏறிச் சூடாகும், கூடினால் இழுவை போய்விடும். 14இல் 11க்கு விவரம் முழுசாக இருந்தது. மீதி மூன்றும் அப்பா கடைசி வாரத்தில் பிரித்தவை. அவற்றின் பழைய காயில் வெட்டப்படாமல் மூலையில் இருந்ததால் எண்ணி எழுத முடிந்தது.

ஏன் எரிந்தது என்ற கட்டத்தையும் அவர்களே நிரப்பினார்கள். கருகிய விதத்தைப் பார்த்தே காரணம் சொல்ல அப்பா கற்றுக் கொடுத்த முறை இது: மூன்று பேஸ் காயிலும் ஒரு முனையில் சேரும் ஸ்டார் கனெக்ஷனில் இரண்டு பேஸ் காயில்கள் கறுத்து ஒன்று மட்டும் புதுசு போலப் பளபளத்தால், ஒரு பியூஸ் போய் இரண்டு பேஸில் ஓடியிருக்கிறது. முக்கோணமாக இணைக்கும் டெல்டாவில் இதற்கு நேர்மாறு, ஒன்று கருகி இரண்டு தப்பும். எல்லாம் ஒரே சீராகக் கறுத்திருந்தால் லோ வோல்டேஜ் அல்லது ஓவர்லோடு. ஒரே ஒரு ஸ்லாட்டில் மட்டும் கரும்புள்ளி என்றால் அங்கே ஸ்லாட் பேப்பர் கிழிந்து, கம்பி இரும்பைத் தொட்டு எர்த் ஆகியிருக்கிறது, அது கட்டியவன் தப்பு. 14இல் எட்டு, ஒரு பேஸ் போய் எரிந்தவை. அதில் சில, த்ரீ பேஸ் வராத நேரத்தில் கண்டன்சர் போட்டு இரண்டு பேஸிலேயே ஓட்டியவை. கண்டன்சர் விற்க மாட்டேன் என்று அப்பா கடைசி வரை பிடிவாதமாக இருந்தார். அதனால் வியாபாரம் போனது உண்மை. விவசாயிக்குக் கரண்ட் வருகிற நேரத்தில்தானே தண்ணீர் பாய்ச்ச முடியும், அவரைக் குறை சொல்லி என்ன செய்ய என்று அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அந்த எட்டு நாளில் கட்டியதில் சிரமமானது ஒரு ஏழரை ஹெச்.பி. சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்), 24 ஸ்லாட். தரைக்கு மேல் பம்போடு சேர்ந்திருக்கும் மோனோபிளாக் மாதிரி காயிலை வெளியே கட்டி உள்ளே இறக்க முடியாது. ஸ்டேட்டரின் இரு பக்கமும் இருவர் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைச் சுற்றுக்குச் சுற்று ஸ்லாட்டுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். உறையில் நகக்கீறல் அளவு சிராய்ப்பு இருந்தாலும் தண்ணீருக்குள் போனதும் எர்த் அடிக்கும். நடுவில் ஜாயின்ட் கூடாது. இதற்கு வார்னிஷும் கிடையாது, இந்த மோட்டார் தண்ணீரிலேயே குளிர்வது. கட்டி முடித்து இரவு முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டு, காலையில், கசிவு இருக்கிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்தார்கள். முள் நன்றாக ஏறி நின்ற பிறகே மூடினார்கள். மோனோபிளாக்குகளுக்கு வேறு பாடம்: மழைக்காலத்தில் காயிலைச் சூடாக்கி ஈரத்தை விரட்டாமல் வார்னிஷ் ஊற்றினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், ஆறு மாதத்தில் மோட்டார் திரும்பி வரும். தகர டிரம்முக்குள் 200 வாட் பல்புகளை எரியவிட்டு, வார்னிஷுக்கு முன்னும் பின்னும் காய வைத்தார்கள்.

மோட்டாரை வாங்கிப் போனவர்களிடம் அவர்கள் சொல்லி அனுப்பியதை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறோம், பாதி மோட்டார் இறக்கும்போதுதான் கெடுகிறது. போர்வெல்லுக்குள் விடுமுன் மோட்டாரில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஆட்டி, கொஞ்சம் பொறுத்து, குமிழி நிற்கும் வரை மறுபடி ஊற்றுங்கள். காற்று தங்கினால் கீழே உள்ள கார்பன் பேரிங் உலர்ந்து தேயும். கேபிள் ஜாயின்ட் மூன்றையும் ஒரே இடத்தில் போடாதீர்கள், ஒன்றுக்கொன்று தள்ளிப் போடுங்கள். முதலில் ரப்பர் டேப், மேலே பி.வி.சி. டேப். ஜாயின்ட்டை வாளித் தண்ணீரில் முக்கி மெக்கர் பாருங்கள். தண்ணீர் குறைவாகக் கொட்டினால் மோட்டாரைக் குறை சொல்லுமுன் ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் பாருங்கள், தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பழைய செம்பு பற்றியும் ஒரு வார்த்தை. எரிந்த கம்பியை எடை போட்டு, சீட்டு எழுதி, சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவது கடை வழக்கம். அந்த ஐவரும் அதை விடவில்லை. 14 பொட்டலங்கள், 14 சீட்டுகள்.

லாங் பஜாரில் கம்பி வாங்கும் கடைக்காரருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தனிநபர் பெயரில் உள்ள நிறுவனத்தின் நடப்புக் கணக்கு, சொந்தக்காரர் இறந்த செய்தி போனதும் நின்றுவிடும். கொடுத்து வைத்த செக்குகளும் திரும்பும். அவரிடம் அப்பாவின் செக் இரண்டு இருந்தன. வங்கியில் போடாமல், பாக்கி விவரத்தைத் தெளிவாக எழுதி அனுப்பி, சரக்கும் கொடுத்தார். இப்படிப்பட்ட கணக்குக்கும் நாமினி போடலாம். அப்பா போட்டிருந்ததால் பணம் வெகுநாள் தேங்கவில்லை. கடை வைத்திருப்பவர்கள் நாளைக்கே போய்ப் பாருங்கள். அந்தக் கடைக்கு எதிரில்தான் மணிக்கூண்டு. முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று அதன் கல்லில் இருக்கிறது. கம்பி வாங்கப் போகும்போதெல்லாம் அப்பா அந்தக் கல்லை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார் என்று கடைக்காரர் சொன்னார்.

சங்கத்துக்கு இரண்டாவது நன்றி, அங்கே மாலை நேரத்தில் மேசை போட்டு உட்காரும் முன்னாள் கிளார்க் ஒருவருக்கு. அம்மாவின் பெயரில் ஒரு 'ழ' உண்டு. 1970களில் பட்டாளத்து ஆவணத்தில் அது 'ல' ஆகிவிட்டது. ஆதாரில் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டல். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு போடும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். அப்போது திருத்த வேண்டியவர் உயிரோடு இருக்கமாட்டார். இவர் மூன்று வருடம் முன்பே அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தார். இருவரும் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம், ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புக் நகல், தம்பதியாக எடுத்த புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெங்களூரு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பவைத்து, திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) வரும்வரை விடவில்லை. அதனால் இப்போது ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் மரணத்தைத் தெரிவித்து, இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரங்களை ஏற்றியதும் வேலை சிக்கலில்லாமல் நகர்ந்தது.

அவர் சொன்ன இன்னும் இரண்டு விஷயம். இறந்த நாள் வரைதான் ஓய்வூதியம், மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். அதற்குப் பின் கணக்கில் ஏறும் பழைய ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் எடுத்துவிடாதீர்கள், திருப்பிப் பிடிப்பார்கள். அடுத்தது, பாதிச் சம்பளம் வரும் என்று எல்லோரும் நினைப்பது. அந்த 50 சதவீதம், ஓய்வுக்குப் பின் இறந்தவர் விஷயத்தில், 7 ஆண்டு அல்லது அவர் 67 வயதை எட்டியிருக்கக்கூடிய நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான். அப்பாவுக்கு 75. ஆகவே 30 சதவீதம். முன்கூட்டியே தெரிந்திருந்ததால் அம்மாவுக்கு அதிர்ச்சி இல்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையில் அப்பாவுடையதை ஒப்படைத்து, அம்மா பெயரில் மாற்றும் வேலைக்கும் அவரே கூட வந்தார். ஆட்டோ காசு மட்டும்தான் கொடுக்கவிட்டார்.

56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முத்திரை குத்திய இன்லண்டுக் கடிதங்களும் மணியார்டர் துண்டுகளும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. மாதம் தவறாமல் வந்தவை. அந்தத் துண்டுகளில் அம்மாவின் பெயரை அப்பா ஒருமுறைகூடத் தப்பாக எழுதவில்லை, 'ழ' சரியாகவே இருக்கிறது.

கடை தொடர்ந்து நடக்கும். கடைசியாக இருந்த இரண்டு பையன்களும் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். 14இல் மூன்று மோட்டார்களை இன்னும் யாரும் வாங்க வரவில்லை: ஒரு 5 ஹெச்.பி. மோனோபிளாக், ஒரு 3 ஹெச்.பி. சப்மெர்சிபிள், மாவு மில் மோட்டார் ஒன்று. சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. ஸ்டேட்டர் உடம்பில் வெள்ளைப் பெயிண்டில் நோட்டு எண் எழுதியிருக்கிறது. ஊரையும் கொடுத்த நாளையும் சொன்னால் நோட்டில் பார்த்துக் கொடுப்பார்கள். பழைய செம்புப் பொட்டலத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை.

இப்படிக்கு,
மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்